இரண்டு படி தவிடும் ஒரு மருக்கொழுந்தும்

நான் ஒருமுறை எச்சில் துப்பினேன். உலகத்தில் ஒரு வியாதி ஒழிந்தது.

சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் தலை நரைக்கும்வரை ஏலம் கூறியவன் நான். மைக் இல்லாத காலத்தில் என் குரல் கொடைரோடு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவனுக்குக் கேட்கும். காற்று மேற்கே அடித்தால் கொடைக்கானலில் குதிரை மிரளும். முந்தின நாள் பறித்து வாடிப்போன மல்லிகையை "இப்பத்தான் கண்ணு முழிச்சிருக்கு, பார்த்துத் தொடுங்க" என்று கூவி விற்றிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பெருமை பேசினால் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். இந்த ஒன்றில் மட்டும் தள்ளுபடி கிடையாது. முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிச்சைமணி. எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்த எதுவும் தங்கவில்லை. நான் பிறந்ததும், எமன் கண்ணில் மண்ணைத் தூவ எங்கள் பக்கத்தில் செய்கிற காரியத்தைச் செய்தார்கள். முறத்தில் என்னைக் கிடத்தி, எதிர்வீட்டு மீராள் ராவுத்தரம்மாவிடம் விற்றார்கள். விலை இரண்டு படி தவிடு. அவர்கள் பிள்ளையை வாங்கிக்கொள்ள, இவர்கள் தவிட்டை வாங்கிக்கொள்ள, "இது எங்க வீட்டுப் பிள்ளை இல்லை" என்று அம்மா தெருவுக்கே கேட்கச் சொன்னாளாம். எனக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

சாயங்காலமே பால் குடிக்க என்னைத் திருப்பித் தூக்கி வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பேச்சுக்கு நான் ராவுத்தர் வீட்டுப் பையன். அம்மா சாகும்வரை என்னைத் தன் பிள்ளை என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் எமன் காதில் விழுந்துவிடும். எனக்கு ரமலானுக்கு அங்கே ஒரு சட்டை, தீபாவளிக்கு இங்கே ஒரு சட்டை. நான் நஷ்டப்படவில்லை.

எனக்குப் பின் பிறந்த தம்பி ராசாமணியை விற்கவில்லை. விற்றிருக்க வேண்டும் என்று பிற்பாடு ஊரே சொன்னது.

எங்கள் வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் தள்ளாட்ட வீடு. தாத்தாவுக்கு ஐம்பதுக்கு மேல்தான் கால் பின்னியது. அப்பாவுக்கு நாற்பத்தைந்தில். தம்பிக்கு முப்பத்தெட்டில். முதலில் கால்களை அகட்டி வைத்து நடப்பார்கள், படகில் நிற்பவர் மாதிரி. பிறகு நாக்கு குழறும். கை எட்டிப் பிடித்த டம்ளர் ஒரு விரல் தள்ளி இருக்கும். கடைசியில் சோறு தொண்டையில் இறங்காது. அறிவு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: குடித்திருக்கிறான்.

ராசாமணி பள்ளிக்கூட வாத்தியார். கசாயத்தைக்கூட மூக்கைப் பிடித்துக் குடிக்கிறவன். அவனைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து, "சார், ஊதுங்க" என்றார்கள் பத்தாம் வகுப்புப் பயல்கள். அவன் ஊதினான். அதற்கு மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதன் பிறகு எந்த நாளும் போகவில்லை.

எனக்கு ஒன்றுமே வரவில்லை. அறுபத்தெட்டு வயதில் சைக்கிளில் கையை விட்டுவிட்டு வத்தலக்குண்டு போய் வருவேன். நடுவில் தூங்கியும் விடுவேன், சைக்கிளுக்கு வழி தெரியும். "ஏய்யா, ஒனக்கு மட்டும் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "நான் தவிட்டுக்குப் போனவன். எமன் இந்த வீட்டுக்கு வந்து தேடுறான், நான் எதிர்வீட்டுல சேமியா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்." ஆனாலும் எனக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. தள்ளாட்ட வீடு, தள்ளாட்ட வீடுதான். நான் கூவியும் போகாத ஒரே சரக்கு நான்.

என் கதைகளில் ஒன்றைக்கூட நம்பாத ஆள் ஒருத்தி உண்டு. ராசாமணியின் மகள் மதிவதனி. கால்நடை டாக்டர். பால்பல் விழாத வயதிலேயே, "நான் ஏலம் விட்ட பூவு நிலாவுக்குப் போச்சு தாயி" என்றால், "அங்க யாரு பெரியப்பா தலை வாரிக்கிட்டாங்க?" என்று கேட்டவள். அப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்த வருடங்களை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அதனால் கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டாள். பார்த்ததையும் இன்னொரு தடவை பார்ப்பாள்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும்போது ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். கட்டை விரலில் பிளாஸ்திரி. வெள்ளாட்டுக்குப் போட வேண்டிய ஊசியைத் தன் விரலில் ஏற்றிக்கொண்டாளாம். அது முதல் தடவையும் இல்லையாம்.

"பெரியப்பா, கொஞ்சம் பாருங்க" என்றாள். கூடத்தில் டைல்ஸ் ஒட்டின கோடு நேராகப் போகிறது. அதன்மேல் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி நடந்தாள். நாலாவது அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சிருக்கேனா?"

நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.

மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் எங்கள் வம்சத்தைச் சில வருடங்களாகவே பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் தலைவி டாக்டர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர், ஒல்லியான உடம்பு, வேகமான பேச்சு. மூளைக்குள் மருந்தை அனுப்பி, ஜீன் என்கிற பாரம்பரியச் சரத்தில் குறிப்பிட்ட ஒரே ஓர் இடத்தை மாற்றுகிற வித்தை அப்போது உலகத்துக்குக் கைவந்துவிட்டது. ஆள் அனுப்பலாம், கத்தரிக்கோல் கொடுத்து அனுப்பலாம். எங்கே எதைச் செய்யச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. இந்த வியாதி உள்ளவர்களுக்கு அந்தச் சரம் அளவுக்கு மேல் நீண்டிருக்கும்; வேறொரு நாட்டில் அவசரப்பட்டு அதை நீளம் பார்த்து வெட்டினார்கள். கெட்டதோடு நல்லதையும் சேர்த்து வெட்டியது. அதுவரை கம்பு ஊன்றி நடந்தவர்கள் படுத்துவிட்டார்கள்.

மதிவதனி ரத்தம் கொடுக்கப் போன அன்று நானும் துணைக்குப் போனேன். அங்கே ஒரு சுவர் முழுக்க எங்கள் வம்ச மரம். தாத்தா, அப்பா, தம்பி எல்லோரும் கறுப்புக் கட்டங்கள். நான் மட்டும் ஓர் ஓரத்தில், புள்ளிக்கோட்டில், தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், எங்க பெரியப்பா ஏன் அங்கிட்டுத் தொங்குறாரு?" என்றாள் மதிவதனி.

"அவர் தத்துப்பிள்ளைதானே? எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்துலேர்ந்து வந்தவர்னு அவரே சொன்னாரே. ரத்த சம்பந்தம் இல்லாதவர்கிட்ட ரத்தம் எடுத்து என்ன செய்ய?"

மதிவதனி என் பக்கம் திரும்பினாள். நான் கூரையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறதா என்று பார்த்தேன்.

"பெரியப்பா, என்ன சொல்லி வச்சீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். நான் விலைக்குப் போனவன்."

"டாக்டர், இவர் எங்க அப்பாகூடப் பிறந்தவர். ஒரே வயிறு. பிள்ளை தங்கலைன்னு ரெண்டு படி தவிட்டுக்கு வித்த மாதிரி ஒரு சாங்கியம் பண்ணினாங்க, அவ்வளவுதான்."

"தவிடா?" என்றார் டாக்டர் ஜெசிந்தா. "தவிடுன்னா... மாட்டுக்குப் போடுறதா?"

"அதேதான். ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய் இன்னொரு ஆட்டுக்கிட்டப் பால் குடிக்க விட்டா அது வேற குட்டி ஆயிடுமா? நீங்க பாட்டுக்குப் புள்ளிக்கோடு போட்டு வச்சிருக்கீங்க!"

டாக்டர் ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபத்தெட்டு வயது. ஒரு சாய்வு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. "ஐயா, நீங்க சரம் நீளமில்லாம தப்பிச்சவரா இருக்கலாம். பிள்ளைக்கு வர்றதும் வராததும் பாதிக்குப் பாதி. ஆனா..." என்று இழுத்தார். "நீளமான சரத்தை வச்சுக்கிட்டும் நோய் வராத ஆள் ஒருத்தராவது இருக்கணும்னு எத்தனையோ நாட்டுல தேடுறோம். அவர் உடம்பு என்ன தந்திரம் பண்ணுதுன்னு தெரிஞ்சா அதையே மத்தவங்களுக்கும் பண்ணலாம். அப்படி ஒருத்தர் கிடைச்சா நான் கால்ல விழுந்து கும்பிடுவேன்."

சொல்லிவிட்டு மூடி போட்ட ஒரு குழாயை என்னிடம் நீட்டினார். "ரத்தம்கூட வேண்டாம். இதுல எச்சில் துப்பிக் கொடுங்க, போதும்."

நான் வாங்கவில்லை.

இங்கே நான் பயந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். புலியை முறைத்தே அனுப்பியவன் நான் (சிறுமலையில், ஒரு கார்த்திகை மாதம், இன்னொரு நாள் சொல்கிறேன்). ஆனால் அந்தக் குழாயைத் தொட என் கை வரவில்லை. அம்மா ஆயுசு பூராவும் என்னைப் பிள்ளை என்று கூப்பிடாமல் அடக்கி வைத்திருந்தாள். அதில் துப்பினால் அந்த விற்பனை ரத்து. நான் இந்த வீட்டுக்காரன் என்று நானே எமனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

"வெத்திலை போட்டிருக்கேன் டாக்டரம்மா. செவப்பா வரும்" என்றேன்.

"வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க."

"பல்லு வேற ஆடுது."

மதிவதனி என் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கையில் காகிதக் கோப்பையில் காபி. கோப்பையின் விளிம்பில் காபி அலையடித்தது. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை.

"பயப்படுறீங்க பெரியப்பா."

"நானா? நான் துப்பினேன்னா இந்த வியாதி உலகத்தை விட்டே ஓடும், தெரியும்ல? பாவமேன்னு பார்க்குறேன்."

"ஓடட்டுமே. ஓடுச்சுன்னா நம்ம சந்தையில மைக்கைப் பிடிச்சு ஊருக்கே சொல்றேன், எங்க பெரியப்பா துப்பினாரு, வியாதி போச்சுன்னு."

"சத்தியமா?"

"சத்தியம் எதுக்கு? நடக்கப்போறதில்லையே."

காபி அவள் மணிக்கட்டில் வழிந்தது. அவளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் ஒருத்தி இருந்தாள். நான் குழாயைப் பிடுங்கினேன். முதல் குழாய் செக்கச்செவேலென்று வந்ததால் டாக்டரம்மா தூக்கிப் போட்டார். இரண்டாவது சுத்தம். அம்மா, மன்னிச்சுக்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு துப்பினேன். சத்தம் மதுரை மாட்டுத்தாவணி வரை கேட்டிருக்கும்.

பிறகு ஒரு நாள், கூப்பிடாமலே, என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் ஜெசிந்தா இறங்கினார். மதிவதனியையும் வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்தவர் குனிந்து என் காலைத் தொட்டார்.

நான் பதறிப்போனேன். எங்கள் ஊரில் வயசாளியின் காலை வெளியூர்க்காரர் அப்படித் தொடுவது அவர் செத்து மாலை போட்ட பிறகுதான்.

"என்ன டாக்டரம்மா? எத்தனை நாளு குடுத்திருக்கீங்க?"

"ஐயா, உங்க சரம் உங்க தம்பியோடதைவிட நீளம். இந்தக் குடும்பத்துலயே நீளமானது உங்களோடதுதான்."

எனக்குள் முதலில் வந்த எண்ணம் வியாதியைப் பற்றியது அல்ல.

"அப்ப நான் இந்த வீட்டுப் பிள்ளைதானா?"

"முழுக்க முழுக்க."

அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஓர் அம்மா கிடைத்தாள். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வியர்வை.

மதிவதனி மட்டும் விறைப்பாக நின்றாள். "டாக்டர், கணக்கு உதைக்குது. அவ்வளவு நீளம்னா இவர் முப்பது வயசுலயே விழுந்திருக்கணும்ல?"

என் வீட்டில் சாமி படத்துக்குப் போட மல்லிகைச் சரமும் கதம்பமும் எப்போதும் இருக்கும். பூச்சந்தைக்காரன் வீடு அல்லவா. டாக்டர் ஜெசிந்தா மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்தார்.

"எல்லார் உடம்புலயும் அந்த இடத்துல ஒரு சரம் இருக்கு. ஒரே பூ திரும்பத் திரும்ப வரும். உங்க குடும்பத்துல அந்தப் பூ கூடிப்போச்சு. அப்பாகிட்டயிருந்து பிள்ளைக்கு நகல் எடுக்குறப்ப, எல்லாமே ஒரே பூவா இருக்குறதால எடுக்குற கை வழுக்கி, இன்னும் நாலு பூ சேர்த்துக் கட்டிடுது. அதனாலதான் தாத்தாவைவிட அப்பாவுக்குச் சீக்கிரம், அப்பாவைவிட மகனுக்குச் சீக்கிரம். மூளையில நம்ம நடையைச் சமன் பண்ற உயிரணுக்களுக்குள்ளயும் அது வருஷம் போகப் போக நீளுது. ஓர் அளவுக்கு மேல நீண்டா அந்த அணு தாங்காது."

"சரி. இவருக்கு?"

டாக்டர் கதம்பத்தை எடுத்தார். வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் பச்சையாக ஒரு கொத்து. "இது என்ன ஐயா?"

"மருக்கொழுந்து."

"நோயில்லாதவங்க சரத்துல நடுவுல இப்படி ஒரு மருக்கொழுந்து இருக்கும். கை அங்க வந்ததும் நிதானிக்கும், வழுக்காது. உங்க குடும்பத்துச் சரத்துல அது எப்பவோ உதிர்ந்துபோச்சு. உங்களுக்குக் கட்டுறப்ப மட்டும் ஒரு தப்பு நடந்திருக்கு. நல்ல தப்பு. நீளமான மல்லிகைச் சரத்துக்கு நடுவுல ஒரே ஒரு மருக்கொழுந்து வந்து உக்காந்துடுச்சு. அதனால உங்க சரம் பிறந்த அன்னைக்கு இருந்த நீளத்துலயே நிக்குது, உள்ள ஒரு சேதமும் இல்லை. நாங்க சரத்தை வெட்டவே வேண்டியதில்லை. ஒரு பூவை எடுத்துட்டு ஒரு மருக்கொழுந்தை வச்சுக் கட்டினா போதும். எந்த இடத்துல வைக்கணும்னு நீங்க காட்டிட்டீங்க."

எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த மருக்கொழுந்து என்னோடு சுடுகாட்டுக்குப் போயிருக்கும். போகிற வழியில் பிடித்துவிட்டார்கள்.

"பார்த்தியா தாயி?" என்றேன்.

"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள் மதிவதனி. "தற்செயலாக்கூட இருக்கலாம்."

முதலில் எலிகளுக்குச் செய்தார்கள். தள்ளாடின எலிகள் கம்பிமேல் நடந்தன. ஒரு எலி என்னைப் பார்த்துக் கும்பிட்டது. (மதிவதனி, அது மூக்கைத் தேய்த்தது என்பாள்.) பிறகு மனிதர்களுக்கு என்று முடிவானது. முதல் தொகுதியில் வர யாருக்குச் சம்மதம் என்று கேட்டபோது எங்கள் வம்சம் இரண்டாகப் பிளந்தது. "வெட்டிப் பார்த்த நாட்டுல என்னாச்சு தெரியும்ல?" என்று ஒரு கட்சி. "சும்மா இருந்தா மட்டும் என்னாகும்?" என்று ஒரு கட்சி. பரிசோதனைக்கே வராமல் ஒளிந்தவர்கள் இன்னொரு கட்சி. வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அவர்கள்.

என் பெரியப்பா பேரன் சுந்தரபாண்டி தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சக்கர நாற்காலியில் வந்தான். டாக்டர் ஜெசிந்தா அவன் முன்னால் மண்டியிட்டு, "அணு உயிரோட இருந்தாத்தான் தம்பி அதுக்குள்ள பூவை மாத்த முடியும்" என்றார். அவன் குழறிக் குழறிச் சொன்னதை நான்தான் திருப்பிச் சொன்னேன்: "சரி, என் மகனை எழுதிக்கங்க." அடுத்த மழைக்காலத்தை அவன் பார்க்கவில்லை. நான் எதையும் பெருக்கிச் சொல்கிறவன். இதைப் பெருக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

மதிவதனி கையெழுத்துப் போட்டாள். அவள் அம்மா செல்லக்கிளி அழுத அழுகையில் வைகை அணையில் தண்ணீர் ஏறியது. முதுகுத்தண்டு வழியாக மருந்து போகும். உள்ளே அழைத்துப் போகும் முன் அவள் என் கையைப் பிடித்தாள்.

"தப்பாப் போச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல?"

"அதான் பெரியப்பா பயமே. என் பொண்ணுக்கு என்னென்ன கதை சொல்லி வளர்ப்பீங்களோ."

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. கெடவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் வருடம் ஒருநாள் சினை மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். "ஒண்ணுமில்ல பெரியப்பா. கை ஆடாம சும்மா இருந்துச்சு" என்றாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. சாகாமல் சோர்ந்து மட்டும் கிடந்த அணுக்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டன என்றார் டாக்டர் ஜெசிந்தா. அந்தத் தொகுதியில் ஒருவரும் மோசமாகவில்லை. அடுத்த தொகுதி, அதற்கடுத்தது, பக்கத்து நாடு, கடல் தாண்டின நாடு, எண்ணினால் நாற்பது நாடு வரும். வியாதி வருவதற்கு முன்பே சிறுசுகளுக்குக் கட்டிவிடுகிற காலமும் வந்தது.

உலகமே என்னைத் தோளில் தூக்கியிருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் வந்தது வினை. அறிவியல் பத்திரிகைகளில் என் பெயர் இல்லை; கே-நாற்பத்தேழு என்று ஒரு நம்பர்தான் இருந்தது.

"கே-நாற்பத்தேழா? யாரு அது?" என்றேன் டாக்டர் ஜெசிந்தாவிடம்.

"நீங்கதான் ஐயா. ஆராய்ச்சிக்கு உடம்பு கொடுத்தவங்க பெயரை வெளியிடக் கூடாது. விதி அப்படி. உங்களைச் சொன்னா உங்க குடும்பம் பூராவும் வெளியே தெரிஞ்சுடும்ல?"

"நான் துப்பினேன், புகழ் கே-நாற்பத்தேழுக்கா?"

நான் சந்தையில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கியவனை எழுப்பிச் சொன்னேன். "அண்ணே, போன வாரம் புலி, இந்த வாரம் எச்சிலா?" என்றார்கள். எங்கள் வம்சத்தில் வாய் திறக்க யாரும் தயாரில்லை. நான் மதிவதனியிடம் போனேன்.

"தாயி, மைக்கு."

"இன்னும் ஒரு வருஷம் பார்க்கணும் பெரியப்பா. திரும்பி வரலாம். அதுக்குள்ள நடந்துச்சுன்னு சொல்ல முடியாது."

அடுத்த வருடமும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்த வருடமும். கடைசியில் ஒருநாள் உண்மை வந்தது. "நான் மைக்கைப் பிடிச்சா எனக்கும் இருந்துச்சுன்னு சொல்லணும். எங்கம்மா தினமும் அழுவுறாங்க, பேத்தியை நாளைக்கு எவன் கேட்டு வருவான்னு. இப்போதைக்கு ஊருக்கு நான் மாட்டு டாக்டர். அப்படியே இருந்துட்டுப் போறேனே."

பெண் கிடைக்காத கதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதற்குப் பிறகு நான் அவளிடம் மைக்கைப் பற்றிப் பேசியதில்லை. ஊரில் மட்டும் நிறுத்தவில்லை; அது என் மூச்சு.

போன தை மாதம், பொங்கலுக்கு முந்தின நாள். சந்தையில் எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும், அவ்வளவு கூட்டம். தரை முழுக்க ஈரம், காம்பு, நசுங்கின செண்டுமல்லி. இந்த மண்ணில் முப்பது வயசுப் பயலே வழுக்கி விழுவான். ஏலம் கூறுகிற பையனுக்குத் தொண்டை கட்டியதென்று என்னை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்திருந்தார்கள். மைக்கை எதற்கு என்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன். மதிவதனி மகளோடு பூ வாங்க வந்து ஒரு கடையில் நின்றிருந்தாள்.

பூ மூட்டையோடு ஒரு பெண் விழுந்தாள். பவுனுத்தாயி. என் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகள். சந்தையில் மூட்டை தூக்குகிறவள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் அகண்டு, இன்னொரு பக்கம் சரிந்தாள். சம்பங்கி முழுக்கத் தரையில்.

"ஏய், தள்ளாட்ட வீடா?" என்றார் மூட்டைக்குச் சொந்தக்காரர். "பொம்பளைங்களும் விடியுமுன்னே ஊத்திக்க ஆரம்பிச்சாச்சா?"

சிரித்தார்கள். பவுனுத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், நாற்றம் இல்லை என்று காட்டக்கூட வெட்கப்பட்டு. அவள் பரிசோதனைக்கு வராமல் ஒளிந்த கட்சி. எங்கள் வீட்டில் குணமானவர்கள் யாரும் வெளியே தெரிய நடந்து காட்டினதில்லையே, அவள் எதை நம்பி வருவாள்?

நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். என்ன சொன்னாலும் இது புலிக் கதை ஆகிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. இறக்கிவிட்டேன்.

மதிவதனி மகளின் கையை விட்டாள். கடையிலிருந்து மேடை வரை அந்த வழுக்குத் தரையில் வந்தாள். எதையும் பிடிக்கவில்லை, யார் தோளையும் தொடவில்லை. குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி, என் கூடத்தில் டைல்ஸ் கோட்டில் நடந்தாளே, அதே நடை. வேண்டுமென்றே மெதுவாக. நாலாவது அடி வந்தது. தாண்டினாள். நடுவில் குனிந்து பவுனுத்தாயியை ஒரே இழுப்பில் எழுப்பி நிறுத்தினாள். மேடை ஏறி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எல்லாரும் கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க" என்றாள். குரல் எங்கள் அம்மாவுடையது. இத்தனை வருடம் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ.

"எங்கப்பா ராசாமணி வாத்தியார் இந்த ஊர்ல ஒரு நாளும் குடிச்சதில்லை. எங்க வீட்டுல யாரும் குடிச்சுத் தள்ளாடலை. அது வியாதி. பிறக்குறப்பவே கூட வர்றது. எனக்கும் வந்துச்சு. ஊசியைப் பிடிக்க முடியாம என் கையிலேயே குத்திக்கிட்டேன். இப்ப நடந்து வந்தேன், பார்த்தீங்கள்ல?"

சந்தையில் முதல்முறையாக ஈ பறக்கிற சத்தம் கேட்டது. நான் பெருக்கவில்லை. கேட்டது.

"பவுனு, நாளைக்கு என்கூட மதுரைக்கு வர்ற. பொங்கலுக்கு வச்ச கரும்பு அப்புறம் இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். முறைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இவர் நாப்பது நாடுன்னு சொல்வாரு, அவ்வளவு இல்லை. வியாதி உலகத்தை விட்டு இன்னும் போகலை, வந்து கேட்டவங்க வீட்டை விட்டுப் போயிடுச்சு. எலி கும்பிடலை. புலியை இவர் பார்த்ததே இல்லை. இந்த மனுஷன் வாயில வர்றது பூராவும் பொய்தான். ஆனா எங்க பெரியப்பா ஒரு தடவை துப்பினாரு, எங்க வீட்டு வியாதி போச்சு. இது மட்டும் நடந்துச்சு."